பூட்டிக் கிடக்கும் ஃப்ளாட்டும் சேராத பத்து குடும்பமும்

வெளிமாநிலத்தில் இருக்கிற எந்தத் தமிழ்க் குடும்பத்தோடு அரை மணி நேரம் பேசினாலும் பேச்சு இரண்டு இடத்தில் வந்து நிற்கும். ஒன்று, ஊரில் வாங்கிப் போட்ட ஃப்ளாட். இரண்டு, 'ரிடையர் ஆனதும் மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்கே போயிடுவோம்' என்கிற சபதம். அகமதாபாத் மணிநகரில் மூன்றாவது தலைமுறை ஓடிக்கொண்டிருக்கிறது. மில் வேலைக்கு வந்த தாத்தாக்களும் இதே சபதத்தைத்தான் போட்டிருப்பார்கள். பேரன் காய்கறிக்காரரிடம் சுத்தமான குஜராத்தியில் பேரம் பேசுகிறான். நாம் மட்டும் இன்னும் மூட்டை கட்டிக்கொண்டே இருக்கிறோம்.

நான் வங்கியில் வீட்டுக் கடன் பார்க்கிறவன். பி.காம். படித்தவனுக்குக் கவிதை வராது, கணக்கு வரும். அந்தக் கணக்கை வைத்தே இன்று கொஞ்சம் சண்டை போடலாம் என்றிருக்கிறேன்.

60 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃப்ளாட். சென்னைக்கு வெளியே, 'ஏர்போர்ட்டில் இருந்து 30 நிமிடம்' என்று விளம்பரத்தில் போடுவார்களே, அந்த மாதிரி. (எந்த ராத்திரியில் 30 நிமிடம் என்று கேட்கக் கூடாது.) ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல், 75 லட்சம் வரையான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம். ஆக 48 லட்சம் கடன், 12 லட்சம் கைக்காசு, பத்திரச் செலவு தனி. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். 240 மாதம் கட்டி முடிக்கும்போது நம் கையை விட்டுப் போயிருப்பது கிட்டத்தட்ட ஒரு கோடி. வாடகை 15,000 வந்தால் பெரிய விஷயம். பல பேர் வாடகைக்கும் விடுவதில்லை. 'பொங்கலுக்குப் போனா தங்கணும்ல?' வருடத்தில் பத்து நாள் தங்க ஒரு கோடி! நட்சத்திர ஹோட்டலில் ராஜா மாதிரி இருந்துவிட்டு வரலாமே சாமி!

சரி, மீதி 355 நாள் எங்கே இருக்கிறோம்? பதினாலு மாடி டவரில் ஒன்பதாவது மாடி. எதிர் ஃப்ளாட்டில் யார் என்று கேட்டால், 'யாரோ ஷாவோ படேலோ, நல்ல மாதிரி, தொந்தரவு கிடையாது'. தொந்தரவு கிடையாது என்பதுதான் இன்று அக்கம்பக்கத்துக்கு நாம் கொடுக்கிற உச்சபட்ச சர்டிபிகேட்.

சர்டிபிகேட் என்றதும் இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் நவம்பரில் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாக லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். 2014-ல் ஜீவன் பிரமாண் வந்தபிறகு இதை டிஜிட்டலாகவே கொடுக்கலாம், இப்போது போனில் முகத்தைக் காட்டினாலும் போதும். அப்படியும் எங்கள் கிளைக்கு நேரில் வருகிற பெரியவர்கள் உண்டு. பாஸ்புக்கில் ஒரு வரியும் புதிதாக ஏறியிருக்காது, ஆனாலும் பிரிண்ட் போட வருவார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். பேச வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று வங்கியாவது வருடத்துக்கு ஒரு தரம் கேட்கிறது. பக்கத்து ஃப்ளாட் அதைக்கூடக் கேட்பதில்லை.

இன்னும் பத்து, பதினைந்து வருடத்தில் அந்த நாற்காலியில் உட்காரப் போவது நாம்தான். பையன் பெங்களூரிலோ டொராண்டோவிலோ இருப்பான். சொந்தக்காரர்கள் ஊரில். ஊரிலும் யார் இருக்கிறார்கள்? அவர்கள் பிள்ளைகளும் பெங்களூரிலோ டொராண்டோவிலோதானே?

ஆகவே மகாஜனங்களே, இந்தப் பதிவின் சாரம் இதுதான்: அந்தப் பூட்டிய ஃப்ளாட்டை விற்றுவிட்டு, நீங்கள் இருக்கும் ஊரிலேயே இருபது, இருபத்தைந்து குடும்பமாகச் சேர்ந்து குடியிருப்பு கட்டுங்கள். பில்டர் கட்டிய கூட்டில் போய் அடைவதைச் சொல்லவில்லை. நீங்களே கூடி, நீங்களே திட்டம் போட்டு, நீங்களே நடத்துவது. வெளிநாட்டில் இதற்குக் கோஹவுசிங் என்று பெயர். நான் கூட்டுக் குடியிருப்பு என்றே சொல்கிறேன்.

கூட்டுக் குடும்பம் என்று நினைத்து ஓடிவிடாதீர்கள். மாமியார் சமையல்கட்டில் நான்கு மருமகள்கள் வரிசையில் நிற்கிற கதை இல்லை இது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழு வீடு: தனிச் சமையலறை, தனிக் கதவு, தனிப் பூட்டு. சம்பளமும் சேமிப்பும் அவரவருடையது. கூடுதலாக நடுவில் ஒரு பொது வீடு. அதில் பெரிய சமையலறை, சாப்பாட்டுக் கூடம், பிள்ளைகள் விளையாட இடம், விருந்தினர் அறைகள். கார்கள் எல்லாம் ஓரத்தில், நடைபாதை நடுவில். அவரவர் வீட்டுக்குப் போகிற வழியிலேயே பொது வீடு இருக்கும். ஆகவே ஒரு நாளில் நாலு பேர் முகத்தையாவது பார்க்காமல் வீடு போய்ச் சேர முடியாது. நிர்வாகம் குடியிருப்பவர்கள் கையில்.

இது டென்மார்க்கில் பிறந்த யோசனை. யான் குட்மண்ட் ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் 1964-ல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நிலம் வாங்கினார்கள். சுற்றியிருந்தவர்கள் எதிர்த்ததில் முதல் திட்டம் படுத்துவிட்டது. 1967-ல் போடில் கிராவ் என்ற பெண்மணி, ஒரு குழந்தைக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று பத்திரிகையில் எழுத, ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் 'நாங்க ரெடி' என்றன. கடைசியில் 1972-ல் சேட்டடாமன் என்ற இடத்தில் 27 வீடுகளோடு முதல் குடியிருப்பு வந்தது. அமெரிக்காவுக்கு இதை எடுத்துப் போனவர்கள் மெக்காமன்ட், டூரெட் என்ற கட்டடக் கலைஞர் தம்பதி. 1988-ல் புத்தகம் போட்டார்கள், 1991-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 26 வீடுகளோடு ம்யூர் காமன்ஸ் வந்தது.

தேதிகளைக் கவனியுங்கள். 1964-ல் பேச்சு, 1972-ல் வீடு. எட்டு வருடம். நம் ஆட்கள் மூன்றாவது மீட்டிங்கிலேயே 'இது ஆவுறதில்ல' என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

'அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சரி, நம்ம ஊருக்கு வராது' என்பது முதல் ஆட்சேபம். அய்யா, அகமதாபாத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லலாமா? ஆற்றுக்குக் கிழக்கே பழைய நகரத்தில் இருக்கிற பொள்களைப் போய்ப் பாருங்கள். ஒரே வாசல், உள்ளே குறுகலான சந்துகள், ஒட்டி ஒட்டி வீடுகள், நடுவில் சதுக்கம், பறவைகளுக்குத் தானியம் போட சபுத்ரா, வீட்டுக்கு அடியில் மழைத் தண்ணீர் சேர்க்கும் டாங்கா. இதற்காகத்தான் 2017-ல் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரம் என்று யுனெஸ்கோ பட்டம் கொடுத்தது. டென்மார்க்காரன் எட்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த நடுச் சதுக்கம் இங்கே பல நூறு வருடமாகக் கிடக்கிறது. கூட்டுறவு வீட்டுச் சங்கமும் நமக்குப் பழசுதான். பம்பாய் காம்தேவியில் சாரஸ்வத் சங்கம் ஆரம்பித்தது 1915-ல்.

ஆனால் இங்கேதான் எனக்கு உண்மையான சண்டை இருக்கிறது. பொள் என்பது அழகு மட்டுமில்லை, சாதி. இந்தப் பொள் இன்னாருக்கு, அந்தப் பொள் இன்னாருக்கு. காம்தேவி சங்கத்தின் பெயரிலேயே சமூகம் இருக்கிறது. நம் அக்ரகாரமும் மேலத் தெருவும் கீழத் தெருவும் இதே கதைதான். இந்த நாட்டில் கூடி வாழ்வது என்றாலே 'நம்ம ஆளுங்க' கூடி வாழ்வது என்று அர்த்தமாகிவிட்டது. சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. குஜராத்தின் பார்சி வீட்டுச் சங்கம் ஒன்று, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்தது. அது செல்லும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்படியொரு யோசனையை நான் சொன்னதும் ஒரு நண்பர் கண் மலர்ந்து கேட்ட முதல் கேள்வி, 'நம்மவங்க மட்டும்தானே?' தமிழர்களா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, 'இல்ல, நம்மவங்க' என்றார். இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடும்போது புரோக்கர் நம்மைக் கேட்கிற முதல் கேள்வி என்ன? வெஜ்ஜா நான்-வெஜ்ஜா. அதைக் கேட்டு நாம் எத்தனை பேர் கூனிக் குறுகியிருக்கிறோம்! கருவாட்டுப் பொட்டலத்தை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி லிஃப்டில் எடுத்துப்போன அனுபவம் எத்தனை பேருக்கு! அப்படிப்பட்ட நாமே ஒரு குடியிருப்பு கட்டி, வாசலில் அதே புரோக்கரை உட்கார வைப்பதா? அதற்குப் பூட்டிய ஃப்ளாட்டே தேவலை. அது யாரையும் அவமானப்படுத்தாது.

ஆகவே தமிழர் மட்டும் என்றுகூட நான் சொல்லமாட்டேன். பாதித் தமிழ்க் குடும்பம், மீதி இந்த ஊர்க்காரர்கள், மலையாளிகள், பீகாரிகள், யாராயிருந்தால் என்ன? ஒன்றாகச் சாப்பிட உட்கார்கிறவர் யாராயிருந்தாலும் வரட்டும். பொதுச் சாப்பாடு சைவமாக இருக்கட்டும், அது பந்தி நாகரிகம். அவரவர் வீட்டுச் சமையலறையில் என்ன கொதிக்கிறது என்று மூக்கை நுழைக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த ஒரு வரி விதியில் எழுத்தாக இருக்க வேண்டும்.

தமிழ் என்னாவது என்று கேட்பீர்கள். சிதறிக் கிடந்து மட்டும் தமிழை என்ன வாழ வைத்துவிட்டோம்? 2020-ல் இங்கே மணிநகர்ப் பக்கம் இருந்த தமிழ் வழிப் பள்ளியை, பிள்ளைகள் போதவில்லை என்று மூடினார்கள். செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதினார். நாமும் வாட்சப்பில் பொங்கினோம். பிள்ளைகளை யார் சேர்த்தது? பன்னிரண்டு தமிழ்க் குழந்தைகள் தினமும் சாயங்காலம் ஒரே முற்றத்தில் விளையாடினால் அவர்களுக்குள் தமிழ் தானாக நடக்கும். பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பிள்ளையும் 'டேய், பந்தைப் போடுடா' என்று கத்தும். வருடத்துக்கு ஒரு பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் இதைச் செய்யாது.

இரண்டாவது ஆட்சேபம்: 'செலவு தாங்காது.' வாருங்கள் கணக்குக்கு. 24 குடும்பம் என்று வைப்போம். ஒவ்வொருவர் வீட்டிலும் 'அம்மா அப்பா வந்தா தங்கட்டும்' என்று ஒரு அறை வைத்திருக்கிறோம். 120 சதுர அடி. அதில் இஸ்திரி பெட்டியும் பழைய சூட்கேஸும்தான் குடியிருக்கின்றன. 24 வீட்டுக்கு 2,880 சதுர அடி! இதில் ஆளுக்கு 100 சதுர அடியை விட்டுக் கொடுத்தால் 2,400 சதுர அடியில் பொது வீடு வந்துவிடுகிறது. நான்கு விருந்தினர் அறை, அறுபது பேர் உட்கார்ந்து சாப்பிடக் கூடம், சமையலறை, படிக்க ஒரு மூலை. புதிதாக ஒரு செங்கல் கூடுதல் செலவு இல்லை.

சமையல்? 24 குடும்பத்தில் வேலை செய்யக்கூடிய பெரியவர்கள் 48 பேர். வாரம் மூன்று ராத்திரி பொதுச் சாப்பாடு, மாதத்துக்குப் பன்னிரண்டு. ஒரு தடவைக்கு நான்கு பேர் சமைத்தால், ஒருவருக்கு மாதம் ஒரே ஒரு முறை. பதினோரு ராத்திரி கையை வீசிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஆபீஸிலிருந்து ஏழரைக்கு வந்து குக்கரை ஏற்றுகிற நம் வீட்டுப் பெண்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், அவர்களே நிலம் பார்த்துவிடுவார்கள். ஒரு நிபந்தனை: 48 பேரில் 24 பேர் ஆண்கள். அவர்களும் கரண்டி பிடிக்க வேண்டும். 'எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற அண்ணாச்சிகளுக்கு வெங்காயம் உரிக்கும் பதவி காத்திருக்கிறது. தள்ளுபடி கிடையாது.

மூன்றாவது: 'கூட்டுறவுன்னாலே ஊழல்.' டெல்லியைக் காட்டுவார்கள். அங்கே செத்துப்போன சங்கங்களுக்குப் போலி உறுப்பினர் பட்டியல் போட்டு உயிர் கொடுத்து, சலுகை விலை நிலத்தை அமுக்கினார்கள். 2005-ல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. உண்மைதான். ஆனால் அந்த மோசடி எப்படிச் சாத்தியமானது? உறுப்பினர்கள் வெறும் காகிதப் பெயர்களாக இருந்ததால். பட்டியலில் இருக்கிற இருபத்துநாலு பேரும் வாரா வாரம் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் இருபத்தைந்தாவது போலிப் பெயரை எங்கே செருகுவது? அந்த வழக்கு சொல்லும் பாடம், முதலில் ஆட்களைச் சேர், பிறகு நிலத்தைத் தேடு என்பதுதான். நாம் எப்போதும் தலைகீழாகச் செய்கிறோம்.

சட்டப்படியும் பெரிய மலை இல்லை. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேர் இருந்தால் குஜராத்தில் சங்கம் பதியலாம். 2016-ன் ரெரா சட்டத்தில், உறுப்பினர்களுக்காகக் கட்டுகிற வீட்டுச் சங்கமும் 'ப்ரமோட்டர்' என்ற வரையறைக்குள் வருகிறது. வீடு வாங்குவோரிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பில்டரைப் போலவே சங்கத்துக்கும் உண்டு. இது தலைவலி இல்லை, பாதுகாப்பு.

நான்காவது: 'கோயமுத்தூர்ப் பக்கம் ரிடையர்மென்ட் வில்லா இருக்கே, அங்க போயிட்டா போச்சு.' இருக்கிறது. சாப்பாடு, நர்ஸ், கோயில், நடைபாதை எல்லாம் இருக்கிறது. போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நீங்கள் கஸ்டமர். மாதக் கட்டணத்தை ஏற்றினால் கட்ட வேண்டியதுதான். சுற்றிலும் எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்காத இடத்தில் முப்பது வருடம்! தவிர, அறுபது வயதில் போய்ப் புதிதாகச் சிநேகம் பிடிப்பதைவிட, நாற்பத்தைந்தில் ஆரம்பித்து எழுபதில் பழைய சிநேகிதரோடு உட்கார்வது மேலில்லையா? கால் உடைந்து கிடக்கும்போது ரசம் கொண்டுவருகிற பக்கத்து வீட்டம்மாளைப் பணம் கட்டி வரவழைக்க முடியாது. அவர் பெண்ணுக்குப் பரீட்சை சமயத்தில் நீங்கள் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அது வேறு வகையான வைப்பு நிதி.

எங்கள் இனத்தையும் விடப் போவதில்லை. வங்கிகளுக்கு ஃப்ளாட் தெரியும், பில்டர் தெரியும். ஒன்றாக வந்து உட்கார்கிற இருபத்துநாலு குடும்பத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவத்துக்குத் தெரியாது. நிலப் பத்திரம் சங்கத்தின் பெயரில், கடன் தனித்தனி ஆளுக்கு என்றதும் ஃபைல் மேஜை மேஜையாக நடக்க ஆரம்பிக்கும். டென்மார்க்கில் 1981-ல் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களுக்கு எளிதில் கடன் கிடைக்கச் சட்டம் வந்த பிறகுதான் இந்த மாதிரிக் குடியிருப்பு வசதிக்காரர்களைத் தாண்டி நடுத்தர வர்க்கத்துக்கும் பரவியது. இருபத்துநாலு சம்பளக்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்து, சேர்ந்து திட்டம் போட்டு வருவதைவிட நல்ல கடன்தாரர் எங்கே கிடைப்பார்? சங்கத்துக்கே ஒரு கட்டுமானக் கடன், வீடு முடிந்ததும் அது தனித்தனிக் கடனாகப் பிரியும் என்று ஒரு திட்டம் போட எந்த வங்கிக்காவது தைரியம் இருக்கிறதா? பத்து சங்கம் வரிசையில் வந்து நின்றால் தைரியம் தானாக வரும். ஒருவர் கேட்டால் 'சர்க்குலர் இல்ல' என்போம், நூறு பேர் கேட்டால் சர்க்குலர் போடுவோம். எங்களை எனக்குத் தெரியும்.

அதுவரை நிலத்துக்கான பணம் கைக்காசாகத்தான் வர வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று மேலேயே சொல்லிவிட்டேன். பூட்டிக் கிடக்கிறது.

'எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வருமே?' வரட்டும். எனக்கும்தான் வரும். வீட்டை வாடகைக்கு விடுங்கள். வருகிறவர் மூன்று முறை பொதுச் சாப்பாட்டுக்கு வந்து பழகிவிட்டுக் குடியேறட்டும். 'சண்டை வந்தா?' கண்டிப்பாக வரும். தண்ணீர், நாய், மியூசிக், வெங்காயத் தோல், எல்லாவற்றுக்கும் வரும். இப்போது டவரில் சண்டை இல்லையா? வாட்சப் குரூப்பில் முகம் தெரியாத சி-904-ஐத் திட்டுகிறோம். முகம் தெரிந்தவரோடு போடுகிற சண்டைக்கு ஒரு வசதி உண்டு: மறுநாள் ராத்திரி அவர்தான் உங்களுக்குச் சாம்பார் ஊற்றுவார்.

என்ன செய்யலாம்? நிலம் பார்க்காதீர்கள். ஆர்க்கிடெக்ட்டைக் கூப்பிடாதீர்கள். ஒரு ரூபாய்கூட யாரிடமும் வசூலிக்காதீர்கள், வசூலிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். ஐந்து குடும்பம் போதும், அதில் இரண்டாவது தமிழ் பேசாததாக இருக்கட்டும். மாதம் இரண்டு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள். ஆறு மாதம். யார் பாத்திரம் கழுவுகிறார், யார் சாப்பிட்டவுடன் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறார் என்று தெரிந்துவிடும். எந்த வங்கியின் கிரெடிட் ரிப்போர்ட்டும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. ஆறு மாதம் கழித்தும் ஐந்து குடும்பம் மிச்சமிருந்தால் அது பத்தாகும். பத்தானால் சங்கம் பதியுங்கள். நிலம், கட்டடம், கடன் எல்லாம் அதற்குப் பிறகு.

முடியாது என்பவர்கள் தாராளமாகப் பின்னூட்டத்தில் திட்டலாம். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால், நீங்கள் தட்டப்போகும் கதவு யாருடையது? அவர் பெயர் என்ன?

டிஸ்கி: இது முழுக்க என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கும் வங்கிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வட்டியில் கால் சதவீதம் குறைத்துக் கொடுக்க முடியுமா என்று யாரும் தனிமடல் அனுப்ப வேண்டாம். :-)